வீட்டு சர்வருக்குள் ஒரு பைல் மேனேஜர்: ஏன் வேண்டும், எப்படி வேலை செய்கிறது

போன வருடம் ஒரு வேலையாக வெளியூர் போயிருந்தபோது அம்மா போன் செய்தார். அக்கா கல்யாணப் படங்களில் தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று வேண்டும், பிரிண்ட் எடுத்துச் சட்டம் போடக் கொடுக்க வேண்டும் என்றார். "அந்தக் கறுப்புப் பெட்டியிலதானே எல்லாத்தையும் போட்டு வச்சிருக்கே? அதை நான் எப்படிப் பார்க்கிறது?"

கறுப்புப் பெட்டி என்று அவர் சொன்னது டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் மினி பிசியை. அதுதான் எங்கள் வீட்டு சர்வர். படம் அதற்குள் இருந்தது, அம்மாவிடமிருந்து பத்தடி தூரத்தில். ஆனால் அதை எட்ட வேண்டுமென்றால் எஸ்எஸ்எச் (வேறொரு கணினியிலிருந்து கட்டளைகளால் சர்வரை இயக்கும் முறை) வழியாக உள்ளே நுழைந்து, கறுப்புத் திரையில் கட்டளைகள் அடிக்கத் தெரிய வேண்டும். வீட்டில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். குடும்பத்தின் படங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சேர்த்தது உண்மைதான், ஆனால் சாவியை என் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

வீட்டு சர்வர் மென்பொருளோடு சேர்ந்தே வரும் பைல் மேனேஜர் எதற்கு என்பதை எனக்குப் புரியவைத்தது அந்தப் போன்தான். இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக, அதைப் பற்றித் தெரிந்ததை அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டு சர்வர் என்றால் என்ன?

எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு கணினி, அவ்வளவுதான். பழைய லேப்டாப், ராஸ்பெரி பை என்ற கையளவு கணினி, சின்ன மினி பிசி, எது வேண்டுமானாலும் இருக்கலாம். வீட்டு ரவுட்டரோடு அதை இணைத்து வைத்தால், வீட்டிலுள்ள போன், டேப்லட், டிவி எல்லாம் அதிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளும். அதை நிர்வகிக்க காஸாஓஎஸ், அம்ப்ரெல்ஓஎஸ், அன்ரெய்ட், ஓப்பன்மீடியாவால்ட் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. இவற்றுக்குத் தனியாக மானிட்டர், கீபோர்டு தேவையில்லை. வேறொரு கணினியின் பிரவுசரில் சர்வரின் முகவரியை அடித்தால் ஒரு பக்கம் திறக்கும். அங்கிருந்தே ஆப்களை நிறுவலாம். படங்களுக்கு இம்மிச், சினிமாவுக்கு ஜெல்லிஃபின், ஆவணங்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு.

புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள். இம்மிச்சில் படம் தெரிகிறது, ஜெல்லிஃபினில் சினிமா தெரிகிறது. ஆனால் அந்தப் படமும் சினிமாவும் அந்த ஆப்களுக்குள் இல்லை. டிஸ்க்கில் ஏதோ ஒரு போல்டரில் சாதாரணக் கோப்புகளாகத்தான் கிடக்கின்றன. ஆப் என்பது அவற்றைப் பார்க்கும் ஒரு ஜன்னல். ஜெல்லிஃபினை அழித்துவிட்டு வேறொன்றை நிறுவினாலும் கோப்பு அப்படியே இருக்கும். பத்து வருடத்தில் நான்கு ஆப் மாறலாம், தாத்தாவின் படம் மாறக் கூடாது. அதனால் எந்த ஆப்பின் தயவும் இல்லாமல் நேராக டிஸ்க்கைப் பார்க்க ஒரு வழி இருந்தாக வேண்டும். அந்த வழிதான் பைல் மேனேஜர்.

இவ்வளவு அடிப்படையான ஒன்று பல மென்பொருள்களில் ஏன் பின்னால் வந்தது என்ற கேள்வி நியாயமானது. அவை தொடங்கிய நோக்கம் வேறு. அம்ப்ரெல் 2020-இல் வந்தபோது வீட்டிலேயே பிட்காயின் நோடு (பிட்காயின் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் கணினி) ஓட்டுவதற்கான மென்பொருளாக இருந்தது. நோடு ஓட்டுகிறவருக்கு ஆல்பம் எதற்கு? பிறகு ஆப்கள் பெருகின, மக்கள் படங்களையும் சினிமாவையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1.4 பதிப்பில்தான் 'பைல்ஸ்' என்ற சொந்தப் பைல் மேனேஜர் சேர்ந்தது. அன்ரெய்டில் அது முதலில் 'டைனமிக்ஸ் பைல் மேனேஜர்' என்ற பெயரில், வேண்டுகிறவர்கள் தனியாகப் போட்டுக்கொள்ளும் இணைப்பாக இருந்தது. 2025-இல் வந்த 7.0 பதிப்பில் மென்பொருளுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். பெட்டியும் மென்பொருளுமாகச் சேர்த்து விற்கும் சினாலஜி போன்றவர்களிடம் 'பைல் ஸ்டேஷன்' வெகுகாலமாகவே இருக்கிறது. வாங்குகிறவர் கட்டளை அடிக்கத் தெரிந்தவராக இருப்பார் என்று அவர்கள் எதிர்பார்க்க முடியாது அல்லவா?

அதுவரை எப்படிச் சமாளித்தார்கள்?

எஸ்எஸ்எச் பற்றிச் சொல்லிவிட்டேன். அது தெரிந்தவருக்கு அதைவிட வேகமான வழி கிடையாது. தெரியாதவருக்கு ஒரு எழுத்து தவறாக அடித்தாலும் ஒரு போல்டரே போய்விடும். இத்தகைய சர்வர்கள் பெரும்பாலும் ஓடும் இயங்குதளமான லினக்ஸில் அழிக்கும் கட்டளை குப்பைத் தொட்டியில் போடாது, நேராக அழித்துவிடும்.

இரண்டாவது வழி சாம்பா. 1992-இல் தொடங்கிய இந்த மென்பொருள், லினக்ஸ் கணினியின் போல்டரை விண்டோஸ் கணினியில் சாதாரண நெட்வொர்க் டிரைவ் போலக் காட்டும். இன்றைக்கும் நான் தினமும் பயன்படுத்துகிறேன். லேப்டாப்பில் அருமையாக வேலை செய்யும். போனில் அதே சுகம் இல்லை, தனியாக ஒரு ஆப் போட வேண்டும், முகவரி, பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அடிக்க வேண்டும்.

அதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. சர்வரின் ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கு 40 ஜிபி வீடியோக்களை மாற்ற வேண்டும் என்று வையுங்கள். போனில் உள்ள பல ஆப்கள் ஒவ்வொரு கோப்பையும் வைஃபை வழியாகப் போனுக்கு இழுத்து, மறுபடி சர்வருக்கே அனுப்பும். வைஃபை விநாடிக்கு 20 எம்பி கொடுத்தால், போகவும் வரவும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே வேலையை சர்வர் தனக்குள்ளேயே செய்தால், சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

பிரவுசர் வழிப் பைல் மேனேஜரின் முதல் பெரிய லாபம் இதுதான். சில பழைய நூலகங்களில் வாசகர் அலமாரிக்குப் போக முடியாது. சீட்டில் புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்தால் ஊழியர் உள்ளே போய் எடுத்து வருவார். புத்தகங்களை இடம் மாற்றி அடுக்குவதும் அவர் வேலை. இங்கே உங்கள் பிரவுசர் சீட்டு எழுதுகிறது. இந்தப் போல்டரில் என்ன இருக்கிறது, இதை அங்கே மாற்று, இதன் பெயரைத் திருத்து என்று சில வரிகள் மட்டும்தான் போனிலிருந்து சர்வருக்குப் போகின்றன. சுமை தூக்குவது முழுக்க சர்வர். அதனால் மலிவான பழைய போனிலிருந்துகூட 40 ஜிபியை நகர்த்தலாம்.

'மூவ்' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலைகள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், நான் அடிபட்ட இடம் இது.

ஒரே டிஸ்க்குக்குள் ஒரு கோப்பை வேறு போல்டருக்கு மாற்றினால், கோப்பின் உள்ளடக்கம் ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. அந்தக் கோப்பு எந்தப் போல்டரில் இருக்கிறது என்ற பதிவு மட்டும் திருத்தப்படுகிறது. 40 ஜிபியாக இருந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் முடியும். வேறு டிஸ்க்குக்கு மாற்றும்போது கதையே வேறு. முதலில் அங்கே ஒரு நகல் எடுக்க வேண்டும், அது முழுதாக எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் இங்கே இருப்பதை அழிக்க வேண்டும். திரையில் இரண்டுக்கும் ஒரே பொத்தான். பயன்படுத்துகிறவருக்கு வித்தியாசமே தெரியாது.

ஒருமுறை படங்கள் மொத்தத்தையும் பழைய டிஸ்க்கிலிருந்து புது டிஸ்க்குக்கு மாற்ற ஆரம்பித்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. மறுபடி வந்து பார்த்தால் பாதிப் படங்கள் அங்கே, பாதி இங்கே, சில இரண்டு இடத்திலும். புது டிஸ்க்கில் ஒரு வீடியோ பெயரளவில் இருந்தது, திறந்தால் நடுவில் அறுந்துபோயிருந்தது. நல்லவேளை, அதன் மூலம் பழைய டிஸ்க்கில் அழியாமல் இருந்தது. எது முழுசு, எது அரைகுறை என்று ஒவ்வொன்றாக ஒப்பிட இரண்டு ராத்திரி போனது.

ஒரு நல்ல பைல் மேனேஜரை எழுதுகிறவர் இந்த ராத்திரிகளை முன்கூட்டியே யோசித்திருப்பார். நகல் எடுக்கும்போது கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக முடிந்த பிறகே உண்மையான பெயரைக் கொடுப்பார். அப்படிச் செய்தால் அறுந்த கோப்பு முழுக்கோப்பு போல வேஷம் போடாது. வேலை சர்வரின் பின்னணியில் ஓடும்படி வைப்பார். பிரவுசர் டேபை மூடினாலும், போன் தூங்கிப்போனாலும் அது நிற்காது. திரும்ப வந்து பார்த்தால் எத்தனை முடிந்தது, எது தோற்றது என்று காட்டும். ஒரே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் மேலெழுதாமல் உங்களைக் கேட்கும். ஒரு புது மென்பொருளை எடைபோட நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பெரிய போல்டர் ஒன்றை இடம் மாற்றத் தொடங்கிவிட்டு டேபை மூடிப் பாருங்கள், அதன் தரம் தெரிந்துவிடும்.

தனியாக ஒன்று போட்டுக்கொண்டால் போதாதா?

போதும் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். பைல்பிரவுசர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சின்னது, வேகமானது, டாக்கர் (ஆப்களைத் தனித்தனியாக அடைத்து ஓட்டும் மென்பொருள்) கன்டெய்னராகச் சில நிமிடத்தில் நிறுவலாம். ஓப்பன்மீடியாவால்ட் தன் இணைப்புகளில் ஒன்றாக அதைத் தருகிறது. பல வீடுகளில் வருடக்கணக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது, அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வெளியிலிருந்து வந்து சேர்ந்த மென்பொருளுக்கு வீட்டின் அமைப்பு தெரியாது. உள்ளேயே பிறந்ததற்குத் தெரியும்.

கன்டெய்னர் என்பது சுவர் வைத்த அறை. எந்தப் போல்டர்களை உள்ளே தெரியவிட வேண்டும் என்று நாம் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். நாளைக்கு ஒரு பென்டிரைவ் செருகினால் அது அந்த அறைக்குள் தானாகத் தெரியாது. சர்வர் மென்பொருளின் சொந்தப் பைல் மேனேஜருக்கு டிரைவ் வந்ததும் தெரியும், பாதுகாப்பாகக் கழற்றவும் வழி காட்டும். பாஸ்வேர்டும் ஒன்றே போதும்.

அனுமதிப் பிரச்சினை இன்னும் பெரிது. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு உண்டு. உரிமையாளர் என்ன செய்யலாம், குழுவில் இருப்பவர் என்ன செய்யலாம், மற்றவர் என்ன செய்யலாம் என்று மூன்று அடுக்காக எழுதி வைத்திருக்கும். கணினிக்குப் பெயர் முக்கியமில்லை, எண்தான் முக்கியம். பல லினக்ஸ் வகைகளில் முதல் சாதாரணப் பயனரின் எண் 1000. நீங்கள் போட்ட பைல் மேனேஜர் ரூட் என்ற தலைமைப் பயனராக ஓடினால், அதன் வழியாக ஏற்றும் ஒவ்வொரு கோப்பும், உருவாக்கும் ஒவ்வொரு போல்டரும் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். பிறகு 1000 என்ற எண்ணில் ஓடும் ஜெல்லிஃபின் அப்படிப்பட்ட போல்டரில் உள்ள சினிமாவின் பெயரை மாற்றவோ அழிக்கவோ பார்த்தால் அனுமதி இல்லை என்று நிற்கும். புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பிழைகளில் இதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு. உள்ளேயே பிறந்த பைல் மேனேஜர், ஏற்றப்படும் கோப்புகளுக்கு எந்த எண்ணைக் கொடுத்தால் மற்ற ஆப்கள் பிரச்சினை இல்லாமல் வேலை செய்யும் என்று அறிந்து அதையே கொடுக்கும்.

அன்ரெய்டில் இதற்கு மிக நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. அன்ரெய்ட் பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே பெரிய போல்டர் போலக் காட்டும். 'சினிமா' என்ற போல்டரின் கோப்புகள் உண்மையில் முதல் டிஸ்க்கில் கொஞ்சம், மூன்றாவது டிஸ்க்கில் கொஞ்சம் என்று பரவியிருக்கும். ஆக ஒரே கோப்புக்கு இரண்டு வாசல்கள். பொதுப் போல்டர் வழியாகவும் போகலாம், டிஸ்க்கின் பெயர் வழியாகவும் போகலாம். இது தெரியாத ஒருவர், முதல் டிஸ்க்கின் வாசல் வழியாக ஒரு கோப்பை எடுத்துப் பொதுப் போல்டரின் வாசலில் அதே இடத்துக்கு நகல் எடுக்கிறார் என்று வையுங்கள். அவர் கண்ணுக்கு அவை இரண்டு இடங்கள். உள்ளே இரண்டும் ஒரே கோப்பு. எழுதுவதற்காகக் கோப்பைத் திறக்கும்போது கணினி முதலில் அதைக் காலி செய்யும். காலியானது அவர் படிக்க வேண்டிய அதே கோப்பு. முடிவில் மிஞ்சுவது 0 பைட். அன்ரெய்ட் பயன்படுத்துகிறவர்கள் இதைப் பற்றி ஒருவரையொருவர் வருடக்கணக்காக எச்சரித்து வந்தார்கள். இந்த இரண்டு வாசல்களைப் பற்றி எதுவும் அறியாத வெளிப் பைல் மேனேஜர் இதை எப்படித் தடுக்கும்? டைனமிக்ஸ் பைல் மேனேஜருக்கு அமைப்பு தெரியும், அது இந்த இரண்டு வாசல்களையும் கலக்கவிடாமல் பிரித்து வைக்கிறது.

ஆப்களின் சொந்தப் போல்டர்களும் அப்படித்தான். இம்மிச் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று தன் தரவுத்தளத்தில் எழுதி வைத்திருக்கும். அது தனக்காக வைத்திருக்கும் போல்டருக்குள் புகுந்து ஒரு படத்தின் பெயரை மாற்றினால், இம்மிச்சைப் பொறுத்தவரை அந்தப் படம் தொலைந்துபோனது. நெக்ஸ்ட்கிளவுட்டின் தரவுப் போல்டரில் நேராக ஒரு கோப்பைக் கொண்டுபோய் வைத்தாலும், மறுபடி ஸ்கேன் செய்யும் வரை அது நெக்ஸ்ட்கிளவுட்டுக்குத் தெரியாது. எந்தப் போல்டர் எந்த ஆப்பினுடையது என்று சர்வர் மென்பொருளுக்குத் தெரியும். ஆகவே "இது ஆப்பின் சொந்த இடம், கவனம்" என்று அது சொல்ல முடியும், சொல்ல வேண்டும்.

ஏற்றுவதும் அழிப்பதும்

போனிலிருந்து ஒரு படத்தை அப்லோட் செய்வது எளிது. 3 ஜிபி கல்யாண வீடியோ என்றால் நிலைமை மாறும். எளிய முறையில் எழுதப்பட்ட பைல் மேனேஜர் முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் அனுப்பப் பார்க்கும். 95 சதவீதத்தில் வைஃபை ஒரு விநாடி அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. நன்றாக எழுதப்பட்டது கோப்பைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்பும், எந்தத் துண்டு வரை போய்ச் சேர்ந்தது என்று நினைவில் வைத்து அங்கிருந்தே தொடரும். இதற்கென்றே டஸ் என்ற திறந்த நெறிமுறை ஒன்று இருக்கிறது.

துண்டாக அனுப்புவதில் இன்னொரு நன்மையும் உண்டு. பலர் சர்வருக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இடைத்தரகரை நிறுத்தி வைப்பார்கள். அமைப்பில் மாற்றாவிட்டால் அது ஒரு கோரிக்கையில் 1 எம்பிக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. இணையத்தில் இதே போல இடையில் நிற்கும் சேவையான கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டத்தில் அந்த வரம்பு 100 எம்பி. "சின்னப் படம் போகுது, பெரிய வீடியோ மட்டும் போக மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும்தான் முதலில் பார்ப்பேன்.

அழிப்பதற்கு வருவோம். குப்பைத் தொட்டி இல்லாத பைல் மேனேஜரை வீட்டாரிடம் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குப்பைத் தொட்டி என்பது உண்மையில் ஒரு மறைவுப் போல்டர். அழி என்றால் கோப்பு அங்கே நகர்கிறது, பழைய இடம் எது என்ற குறிப்போடு. மீட்டெடு என்றால் திரும்பி வருகிறது. மூவ் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். எல்லா டிஸ்க்குக்கும் பொதுவாக ஒரே குப்பைத் தொட்டி வைத்தால், வேறு டிஸ்க்கில் இருக்கும் 40 ஜிபியை அழிப்பதற்கு 40 ஜிபியை நகல் எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு டிஸ்க்கிலும் தனித்தனிக் குப்பைத் தொட்டி இருப்பதுதான் சரி. டிஸ்க் நிறைந்துவிட்டதே என்று அழித்துவிட்டு, இடம் கூடவே இல்லையே என்று பலர் குழம்புவார்கள். குப்பையைக் காலி செய்யும் வரை இடம் கிடைக்காது.

தமிழில் பெயர் வைத்தால்

நம் வீட்டுக் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பதைவிட இயல்பானது என்ன இருக்கிறது? அம்மா வேறு எப்படி வைப்பார்? லினக்ஸில் தாராளமாக வைக்கலாம். இரண்டு விஷயங்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒரு பெயர் அதிகபட்சம் 255 பைட் நீளம் இருக்கலாம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மெய்க்கு மேல் வரும் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனிக் குறியீடுகள். 'கொடைக்கானல்' என்பது கண்ணுக்கு 6 எழுத்து. டிஸ்க்கில் அது 11 குறியீடு, 33 பைட். ஆக ஒரு பெயரில் 85 தமிழ்க் குறியீடுகள்தான் அடங்கும். நிகழ்ச்சி, ஊர், தேதி, ஆட்கள் எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதும் பழக்கம் உள்ளவர்கள் இந்த வரம்பை எளிதில் தொட்டுவிடுவார்கள்.

இரண்டாவது நுணுக்கமானது, அதனால்தான் அதிகம் பாடுபடுத்துகிறது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு விதம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது இன்னொரு விதம். கோ, கௌ ஆகியவையும் இப்படித்தான். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்துத்தான் எழுதி வைக்கும். அந்த டிஸ்க்கிலிருந்து 'கொடைக்கானல்' போல்டரை அப்படியே லினக்ஸ் சர்வருக்குக் கொண்டுவந்தால், ஏற்கெனவே அங்கே இருக்கும் 'கொடைக்கானல்' வேறு, இது வேறு. ஒரே பெயரில் இரண்டு போல்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். தேடல் பெட்டியில் 'கொடை' என்று அடித்தால் ஒன்று மட்டும் வரும்.

இதைச் சரிசெய்வது கடினமான வேலை இல்லை. ஒப்பிடும்போதும் தேடும்போதும் பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும், அதற்கான விதிகளை யூனிகோடே வகுத்து வைத்திருக்கிறது. மென்பொருளை எழுதுகிறவர் நம் மொழியில் ஒருமுறை சோதித்துப் பார்த்தாலே பிழை கண்ணில் பட்டுவிடும். இந்த மென்பொருள்களில் பல மூலநிரல் திறந்தவை. 'கொ' வைத்த ஒரு போல்டர் பெயரோடு பிழையைத் தெளிவாக எழுதி அனுப்புவது, நிரல் எழுதத் தெரியாத நாமும் செய்யக்கூடிய உதவி.

பாதுகாப்பு

பைல் மேனேஜருக்கு உங்கள் டிஸ்க்கில் எதையும் படிக்கவும் அழிக்கவும் அதிகாரம் இருக்கிறது. அதனால் அதில் ஒரு ஓட்டை விழுந்தால் இழப்பு முழுமையானது. பிரவுசர் எழுதும் சீட்டில் போல்டர் பெயருக்குப் பதிலாக இரண்டு புள்ளிகளை வைத்தால், 'மேலே உள்ள போல்டர்' என்று பொருள். அதையே பல முறை அடுக்கி, அனுமதிக்கப்பட்ட இடத்துக்கு வெளியே ஏறிப் போகப் பார்ப்பது மிகப் பழைய தாக்குதல். ஒவ்வொரு சீட்டும் கடைசியில் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று கணக்கிட்டு, அது எல்லைக்குள் இருந்தால்தான் சர்வர் கையை வைக்க வேண்டும். ஜிப் கோப்பை விரிப்பதிலும் இதே ஆபத்து உண்டு, உள்ளே இருக்கும் பெயர்களில் அந்தப் புள்ளிகளை ஒளித்து வைக்கலாம். 2018-இல் 'ஜிப் ஸ்லிப்' என்ற பெயரில் இது பெரிதாகப் பேசப்பட்டது, பல மென்பொருள்கள் அவசரமாகத் திருத்தப்பட்டன.

இவை நிரலாளர்களின் கவலை. நம் பங்குக்கு ஒன்றே ஒன்று: ரவுட்டரில் துளை போட்டுப் பைல் மேனேஜரை நேராக இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் வயர்கார்ட் அல்லது டெயில்ஸ்கேல் (பாதுகாப்பான தனிவழி அமைக்கும் மென்பொருள்கள்) வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைந்து பாருங்கள். டெயில்ஸ்கேலைப் போனில் போட்டு ஒருமுறை லாகின் செய்துவிட்டால் வீட்டில் இருப்பது போலவே வேலை செய்யும்.

தொடங்க நினைப்பவர்கள் பழைய லேப்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டு, அதன் மேல் காஸாஓஎஸ் நிறுவிப் பார்க்கலாம். பைல்ஸ் ஆப் கூடவே வரும். முதல் நாளே குடும்பப் படங்களை ஏற்ற வேண்டாம். தேவையில்லாத ஒரு போல்டரை நகல் எடுத்து, அழித்து, குப்பைத் தொட்டி இருந்தால் மீட்டு, பெயர் மாற்றி, தமிழில் பெயர் வைத்து ஒரு வாரம் விளையாடுங்கள். வீட்டில் பலர் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால், ஆளுக்கொரு கணக்கு வைக்க முடியுமா, பார்க்க மட்டும் அனுமதி தர முடியுமா என்று மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பாருங்கள். எல்லாவற்றிலும் அந்த வசதி கிடையாது. இன்னொன்று, குப்பைத் தொட்டி பேக்கப் ஆகாது. டிஸ்க்கே செத்துப்போனால் குப்பைத் தொட்டியும் சேர்ந்தே போகும். வேறொரு டிஸ்க்கில் இன்னொரு நகல் இருக்கட்டும்.

ஊரிலிருந்து திரும்பிய வாரமே எங்கள் சர்வரில் மென்பொருளை மாற்றினேன். அம்மாவின் டேப்லட்டில், முதல் திரையில், போல்டர் படம் போட்ட ஒரு ஐகான் வைத்தேன். தாத்தாவின் படத்தை அவரே தேடி எடுத்தார், மூன்றாவது போல்டரில் கிடைத்தது. அடுத்த மாதம் ஒரு மத்தியானம் பதற்றமாகக் கூப்பிட்டார். "டேய், பெரியம்மா பாடின ரெக்கார்டிங்கை அழிச்சுட்டேன்டா." குப்பை என்று எழுதியிருக்கும் இடத்தைத் திறக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் போனில் பெரியம்மாவின் குரல் கேட்டது.